மாமனாரின் கழுத்து

கலைவாணன் மறுபடியும் படம் வரையத் தொடங்கியபோது, அவன் மனைவி கீதாஞ்சலி அதை ஒரு வியாதி என்றுதான் எடுத்துக்கொண்டாள். நாற்பதைத் தாண்டிய ஆண்களுக்கு என்னென்னவோ வருகிறது. எதிர்வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வந்தது. மாடிவீட்டுக்காரருக்கு பிளாட் போட்டு விற்கும் ஆசை வந்தது. இவனுக்குப் படம் வந்திருந்தது. சர்க்கரைக்காவது மாத்திரை இருக்கிறது. இதற்கு எந்த டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவது?

மகள் சுவாதி கோயமுத்தூர் காலேஜுக்குக் கிளம்பும்போது அலமாரியில் விட்டுப்போன போஸ்டர் கலர் பெட்டியில்தான் தொடங்கியது எல்லாம். பாதி டப்பாக்கள் காய்ந்து ஓடாகிக் கிடந்தன. கலைவாணன் அவற்றில் தண்ணீர் விட்டு, தென்னங்குச்சியால் கிளறிக் கிளறி உயிர் கொடுத்தான். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலை. ஆபீஸ் முடிந்து பெரம்பலூர் துறைமங்கலத்து வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் சாப்பாட்டு மேசையில் சார்ட்டை விரித்துவிடுவான்.

ஒன்பதாம் வகுப்போடு நின்றுபோன பழக்கம் அது. ரஞ்சன்குடியில் சின்னப் பையனாக இருந்தபோது கோட்டைச் சுவரையும், வாரப் பத்திரிகை அட்டையில் சிரித்த நடிகைகளையும் வரைந்து தள்ளியிருக்கிறான். சுதந்திர தினப் போட்டியில் ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ்கூடப் பரிசாக வாங்கியிருக்கிறான். அப்புறம் பத்தாவது வந்தது, டிராயிங் பீரியடில் கணக்கு வாத்தியார் நுழைந்தார், அதோடு சரி. அதனால் நாட்டுக்கு ஏதும் நஷ்டம் வந்ததாகத் தெரியவில்லை என்பது கீதாஞ்சலியின் அபிப்பிராயம்.

முப்பது வருஷம் கழித்து அவன் வரைந்த முதல் படத்தை அவள் துணி மடித்துக்கொண்டே பார்த்தாள்.

"சோபா நல்லா இருக்குங்க."

"அது எருமை" என்றான் கலைவாணன்.

அவள் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே சோபா என்றுதான் நினைத்தாள். எருமை என்று தெரிந்த பிறகு கிண்டல் செய்யத் தொடங்கினாள். அன்றைக்குத் தொடங்கியதை நிறுத்தவே இல்லை.

புருஷனை வாய் நிறைய மரியாதை போட்டுத்தான் கூப்பிடுவாள். வாங்க, உக்காருங்க, சாப்பிடுங்க. கேட்கிறவர்களுக்கு இனிக்கும். ஆனால் வாசலில் வந்து நிற்கும் கியாஸ் சிலிண்டர்காரரிடமும் அவள் அதே மரியாதையோடுதான் பேசுவாள். சொல்லப்போனால் அவரிடம் இன்னும் கொஞ்சம் கனிவாகவே.

இந்த இளக்காரம் அவளாகக் கற்றுக்கொண்டது இல்லை. பிறந்த வீட்டுச் சீதனத்தோடு வந்தது. உடையார்பாளையத்தில் அவள் அப்பா சிவசுப்பிரமணியனுக்கு முந்திரித் தோப்பு இருந்தது. அண்ணன் குமரகுருவின் லாரிகள் அரியலூர் சிமெண்டு ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு ஓடின. அப்படிப்பட்ட குடும்பத்தில், மாப்பிள்ளை பரீட்சை எழுதியிருக்கிறார், தாசில்தார் ஆகிவிடுவார் என்று தரகர் சொன்னதை நம்பித்தான் பெண் கொடுத்தார்கள். கலைவாணன் பரீட்சை எழுதினான். எழுதிக்கொண்டே இருந்தான். எழுத்தராகவே இருந்துவிட்டான். அவன் மாமியார் ஜெகதாம்பாள் இன்றுவரை அதை மறக்கவில்லை.

"வாங்க மாப்ள, ஆபீஸ்ல லீவு குடுத்தாங்களா? நீங்க இல்லாம சங்கம் எப்படித்தான் ஓடுதோ!" என்பாள்.

அந்த வீட்டுக் கூடத்தில் அவனைப் பற்றி ஒரு சிரிப்பு எப்போதும் தயாராக இருக்கும். கீதாஞ்சலி கல்யாணமான புதிதிலேயே ஒரு தந்திரம் கண்டுபிடித்தாள். யாராவது சிரிப்பதற்கு முன்னால் தானே முதலில் சிரித்துவிடுவது. அப்படிச் சிரித்துவிட்டால் அவள் சிரிக்கிறவர்கள் பக்கம் ஆகிவிடுவாள். சிரிக்கப்படுகிறவனின் பெண்டாட்டியாக நிற்க வேண்டியதில்லை. இருபது வருஷமாக அந்தக் கூடத்தில் அவள் தலை நிமிர்ந்து நடந்தது இப்படித்தான்.

அதனால்தான், மாமனாரின் எழுபதாம் கல்யாணத்துக்குத் தானே ஒரு படம் வரைந்து கொண்டுபோகப் போவதாகக் கலைவாணன் சொன்னபோது அவள் கையிலிருந்த கரண்டி அந்தரத்தில் நின்றது. அரியலூரில் மண்டபம் பிடித்திருந்தார்கள். மீன்சுருட்டியிலிருந்தும் வரதராஜன்பேட்டையிலிருந்தும் சொந்தக்காரர்கள் வண்டி வைத்துக்கொண்டு வரப்போகிறார்கள். அத்தனை பேருக்கும் நடுவில் இந்த எருமைக்காரன் படத்தைத் தூக்கிக்கொண்டு நின்றால், அங்கே கிளம்பும் சிரிப்பை அவள் ஒருத்தி முந்திச் சிரித்துச் சமாளிக்க முடியுமா?

"அப்பா அம்மாவுக்குத்தான் வெள்ளிக் குத்துவிளக்கு எடுத்தாச்சேங்க."

"அது உங்க வூட்டு மொறை. இது நான் குடுக்கறது."

"நீங்க குடுக்கலன்னு யாரு அழுதா?"

"யாரும் அழுவல" என்று ஒப்புக்கொண்டான் கலைவாணன். "மாமா மொகம் வரையறதுக்கு நல்லா இருக்கு. மேடு பள்ளம் நெறைய."

"எங்கப்பா மொகம் என்ன, மழைக்கு அரிச்ச ரோடா?"

அதற்கும் அவன் கோபப்படவில்லை. அவனிடம் அவளுக்குப் பிடிக்காதது அதுதான். ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னாலாவது சண்டை போட்டு ஜெயிக்கலாம்.

அவன் வரைந்த விதத்தைப் பார்த்தால் இன்னும் எரிச்சல் வந்தது. சின்ன வயசில் அட்டைப்படத்தைப் பார்த்து வரைந்தானே, அதே முறை. மாமனாரின் போட்டோவை ஜெராக்ஸ் எடுத்து, அதன்மேல் ஸ்கேல் வைத்துச் சின்னச் சின்னக் கட்டங்களாகக் கோடு போட்டான். பெரிய சார்ட்டில் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டங்கள். பிறகு இந்தக் கட்டத்தில் இருப்பதை அந்தக் கட்டத்துக்கு மாற்ற வேண்டும். ஒரு சாயந்திரம் முழுக்க மூக்கின் இடது பக்கம். மறுநாள் வலது பக்கம். மனுஷன் முகத்தை வயல் மாதிரி பாத்தி பிரித்து நட்டுக்கொண்டிருந்தான்.

மூன்றாம் வாரம் பென்சில் வேலை முடிந்ததாகச் சொல்லிச் சார்ட்டைத் தூக்கிப் பிடித்தான். கீதாஞ்சலி உற்றுப் பார்த்தாள்.

"எங்கப்பா கழுத்து எங்கங்க?"

கலைவாணன் படத்தைப் பார்த்தான். ஜெராக்ஸைப் பார்த்தான். தாடைக்குக் கீழே ஒரு வரிசைக் கட்டம் அப்படியே விட்டுப்போயிருந்தது. சிவசுப்பிரமணியனின் தலை நேராகத் தோளில் உட்கார்ந்திருந்தது, அடுப்பில் வைத்த குண்டான் மாதிரி.

அவள் அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் மாடிவீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். அண்ணி ஜோதிக்குப் போன் போட்டு அதையும் சொல்லிச் சிரித்தாள். கலைவாணன் ரப்பர் எடுத்து மேல் துண்டையும் தோளையும் மாத்திரம் அழித்தான். சார்ட் கிழியும்வரை அழித்து, புதுச் சார்ட் வாங்கி முதலிலிருந்து தொடங்கினான். அந்தக் கழுத்தை மட்டும் பல தடவை போட்டான். கடைசியில் அது ஒருமாதிரி வந்தது. சுருக்கம், தொண்டைக்குழி, பித்தான் போடாத காலருக்குள் ஒரு நரம்பு. படத்தில் உருப்படியாக இருந்ததே அந்த இடம்தான். கீதாஞ்சலி ஒரு கணம் அதைப் பார்த்தாள். உடனே உருளைக்கிழங்கு கருகுகிறதென்று உள்ளே போய்விட்டாள்.

கண்ணாடி போடப் படத்தைப் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் அய்யம்பெருமாள் கடையில் கொடுத்தான் கலைவாணன். வாங்கி வரும் நாளில் சங்கத்தில் தணிக்கை வந்துவிட்டது.

"நீ போய் வாங்கிட்டு வந்துடு கீதா. பிரிச்சு ஒருதரம் பாத்துடு. கண்ணாடி சரியா உக்காந்திருக்கான்னு."

அவள் போனாள். கடையில் முருகன், சரஸ்வதி, அதற்கு மேல் வரிசையாகச் செத்துப்போனவர்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் சந்தனச் சீவல் மாலை, தலைக்கு மேல் ஒரு குட்டி சிவப்பு பல்பு. கடைக்காரர் ஏதோ கேட்டார். கீதாஞ்சலி அப்போது போனில் இருந்தாள். மறுமுனையில் அம்மா, யாருக்கு எந்தக் கலரில் பட்டு என்று விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அப்பாருக்கு மாலை, லைட்டு எல்லாம் சேத்துப் போட்டுடலாங்களா? வழக்கமாப் போடறதுதான்" என்றார் கடைக்காரர் மறுபடியும்.

"என்னத்தையோ போட்டு முடிங்க, எனக்கு நேரமாவுது" என்றாள் கீதாஞ்சலி, போனைக் கையால் மூடிக்கொண்டு. அவர் சொன்னதில் பாதிகூட அவள் காதில் விழவில்லை. இந்தப் படத்துக்காக இவ்வளவு தூரம் வெயிலில் வந்ததே அதிகம். இதில் விசாரிப்பு வேறு.

பழுப்புக் காகிதத்தில் சுற்றி, டேப் ஒட்டிக் கொடுத்தார்கள். சாயந்திரம் கலைவாணன் ஆசையாகப் பிரிக்கப் போனபோது அவள் தடுத்தாள்.

"நல்லாத்தான் இருக்கு, நான் பாத்துட்டேன். கிழிச்சா மறுபடி யாரு ஒட்டறது?"

அவன் நம்பினான்.

அரியலூர் மண்டபத்தில் காலையிலேயே கூட்டம் நெரிந்தது. சிவசுப்பிரமணியன் தம்பதிக்குக் கலசத் தண்ணீர் ஊற்றி, பட்டு உடுத்தி, மறுபடியும் தாலி கட்டி முடிந்ததும் பிள்ளைகள் மரியாதை செய்யும் நேரம் வந்தது. குமரகுரு அப்பாவுக்குச் சங்கிலி போட்டான். போட்டோகிராபருக்காக இன்னொரு தடவையும் போட்டான். கீதாஞ்சலி குத்துவிளக்கை வைத்துக் கும்பிட்டாள். இதோடு இறங்கிவிடலாம் என்று அவள் நினைக்கும்போது, கலைவாணன் தூணோரத்திலிருந்து அந்தப் பழுப்புப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு மேடையேறினான்.

குமரகுரு மைக்கைக் கையில் எடுத்தான்.

"எல்லாரும் இப்டிப் பாருங்க. எங்க மாப்ள தன் கையாலேயே வரைஞ்ச படம். தாசில்தார் ஆவாருன்னு பாத்தோம். ஆர்ட்டிஸ்ட் ஆயிட்டாரு!"

கூட்டம் சிரித்தது. கீதாஞ்சலியும் சிரித்தாள், வழக்கம்போல முதலில்.

கலைவாணன் காகிதத்தைக் கிழித்தான்.

முதலில் தெரிந்தது மாலை. நல்ல பருத்த சந்தனச் சீவல் மாலை, நடுவில் சிவப்புக் குஞ்சம். அதற்கு மேலே சட்டத்தில் ஆணி அடித்துப் பொருத்திய குட்டி பல்பு. பின்னாலிருந்து வெள்ளை ஒயர் தொங்கியது. ஒயர் நுனியில் பிளக்.

மேளக்காரர் கையைத் தவிலிலிருந்து எடுத்துவிட்டார்.

"அய்யோ! என் தாலிய இப்பத்தான் கட்டுனாரு, அதுக்குள்ள மாலையப் போட்டுக் கொண்டாந்துட்டாரே மாப்ள!" என்று ஜெகதாம்பாள் பட்டுப் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். பெரியம்மா ஒருத்தி ஓடிவந்து சிவசுப்பிரமணியனுக்குத் திருஷ்டி கழித்தாள். ஐயர் மட்டும் அசரவில்லை. "ஒண்ணும் பயப்படாதீங்கோ. இன்னும் ரெண்டு கரண்டி நெய் விட்டா சரியாப் போயிடும்" என்றார்.

விழா நாயகர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் படத்தை நெருங்கிப் பார்த்தார். மாலை அவரைப் பெரிதாகப் பாதித்ததாகத் தெரியவில்லை.

"என் காது இவ்ளோ பெருசாவா இருக்கு?" என்றார் மனம் நொந்து.

"காது கெடக்குதுப்பா!" என்று குமரகுரு மைக்கை அணைக்காமலே கத்தினான். "மாப்ள, உசுரோட இருக்கற மனுஷனுக்கு மாலையும் பல்பும் போட்டு எடுத்தாந்திருக்கீங்களே, மூளைன்னு ஒண்ணு இருக்கா? ஒரு படத்தைக்கூட ஒழுங்காக் கொண்டார வக்கில்ல!"

கலைவாணன் அவனைப் பார்க்கவில்லை. யாரையுமே பார்க்கவில்லை. படத்தைத் தரையில் சாய்த்து வைத்து, குனிந்து, மாலையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். அது வரவில்லை, கடைக்காரர் வேலை சுத்தம். பருத்த சந்தனச் சீவல் சரியாக அந்தக் கழுத்தை மறைத்துக்கொண்டு கிடந்தது. பல வாரம் அழித்து அழித்துப் போட்ட கழுத்து. அதை வெளியே எடுக்கத்தான் அவன் போராடுகிறான் என்பது அந்த மண்டபத்தில் ஒருத்திக்குத்தான் தெரிந்தது.

அந்த ஒருத்திக்கு இன்னொன்றும் தெரிந்தது. அய்யம்பெருமாள் என்ன கேட்டார் என்பது இப்போது வார்த்தை வார்த்தையாக நினைவுக்கு வந்தது.

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பாத்துட்டேன்னு சொன்னியே என்று கேட்கலாம். மைக் பக்கத்திலேயே இருந்தது. கேட்டால் இருபது வருஷத்துக்கும் சேர்த்து ஒரே நாளில் அவள் மானம் போய்விடும். அவன் கேட்கவில்லை. மறுபடியும் மாலையை இழுக்கக் குனிந்தான்.

கீதாஞ்சலிக்கு அவன்மேல்தான் முதலில் ஆத்திரம் வந்தது. கேட்டுத் தொலைக்க வேண்டியதுதானே!

"அண்ணே, மைக்கை அணை" என்றாள். "மாலையப் போடச் சொன்னது நான். கடையில கேட்டாங்க, நான் போன்ல இருந்தேன், போடுங்கன்னுட்டேன். பிரிச்சும் பாக்கல. அவருக்கு எதுவுமே தெரியாது."

ஜெகதாம்பாள் மகளின் கன்னத்தைத் தடவினாள். "பாத்தீங்களா, புருஷன விட்டுக்குடுக்காம எப்புடிப் பழிய ஏத்துக்கறா! எம் பொண்ணுக்கு வாய்ச்சது பாருங்க."

"அம்மா, நெசமாத்தான் சொல்றேன்."

"விடு கீதா" என்றான் குமரகுரு பெருந்தன்மையாக. "நீ அப்புடிச் செய்வியா? எங்களுக்குத் தெரியாதா? யாரு செய்வாங்கன்னும் தெரியும்."

அவள் இரண்டாவது தடவை சொன்னாள். மூன்றாவது தடவை சத்தமாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் புகழ் ஏறிக்கொண்டே போனது. மீன்சுருட்டி அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தப்புச் செய்தவள் அவள். ஆனாலும் பழி போகவேண்டிய இடத்துக்குத்தான் போனது, தண்ணீர் பள்ளத்துக்குப் போவது மாதிரி. அந்தப் பள்ளத்தை வெட்டியதில் தன் மண்வெட்டியும் இருந்தது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. அந்த மேடையில் பட்டும் நகையுமாக நின்ற தன் ஜனங்களைப் பார்த்தாள். இவ்வளவு முட்டாள்களா இவர்கள்? இவர்கள் மெச்சுவதற்காகவா இத்தனை வருஷம் முந்தி முந்திச் சிரித்தோம்?

படத்தை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. சமையற்கட்டுப் பக்கம் கொண்டுபோய் வைக்கச் சொன்னார்கள். கீதாஞ்சலி பின்னாலேயே போய், காய் நறுக்கும் கத்தி ஒன்றை வாங்கி, மாலையை ஆணியோடு நெம்பி எடுத்தாள். நகம் ஒன்று உடைந்தது. பல்பையும் பிடுங்கினாள். பூசணிக்காய் குவியல் பக்கத்தில் நின்று கலைவாணன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இனிமே வரையல கீதா" என்றான். "போதும்."

இந்த வார்த்தைக்காக எத்தனை மாதம் காத்திருந்தாள்! சாப்பாட்டு மேசை திரும்பக் கிடைக்கும்; பெயிண்டு நாற்றம் போகும்; பிறந்த வீட்டில் ஒரு தலைவலி குறையும். சந்தோஷம் வரும் என்று ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள். வரவில்லை.

"வாங்க, பந்தி போட்டுட்டாங்க" என்றாள். படத்தைத் தானே தூக்கிக்கொண்டாள்.

சாப்பாட்டு அறையில் தனக்கும் அவனுக்கும் நடுவே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அதில் அப்பாவைச் சாய்த்து உட்காரவைத்தாள். பரிமாறுகிறவர் ஒரு கணம் குழம்பி, அங்கேயும் இலை போட்டுவிட்டார். குமரகுரு பந்தி விசாரித்துக்கொண்டே வந்தான். படத்தைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"மாப்ள, அடுத்து யார வரையப் போறீங்க? முன்னாடியே சொல்லிட்டா அந்த ஆளு இன்சூரன்ஸ் எடுத்துக்குவாருல்ல!"

வரிசை முழுக்க வாய் திறந்தது. திறந்த வாயோடு எல்லோரும் கீதாஞ்சலியைப் பார்த்தார்கள். அவள் தொடங்கினால்தான் அந்த வீட்டில் சிரிப்புக்குச் சுருதி சேரும்.

கீதாஞ்சலி அப்பளத்தை நிதானமாக உடைத்தாள்.

"நாலாங்கிளாஸ்ல ஒரு வாழப்பழம் வரையச் சொன்னதுக்கு அழுதுகிட்டே வூட்டுக்கு வந்தவன்தானண்ணே நீ? உனக்கு யாரு வரைஞ்சு குடுத்தா? நான். அதுலயும் உம் பேர எழுத எடம் பத்தாம பழத்து மேலயே எழுதிட்டுப் போயி அடி வாங்குன."

எதிர் வரிசையில் அண்ணி ஜோதிக்குச் சாம்பார் புரையேறியது.

"படத்தப் பாத்துச் சிரிக்கணும்னா நான் சிரிச்சுக்கறேன். எங்க வூட்டு மேசையில வரைஞ்சது. நீ போயி ரசம் வந்துச்சான்னு பாரு."

குமரகுரு ரசத்தைத் தேடிக்கொண்டு போனான். சிரிப்பு வந்தது, ஆனால் அவன் பின்னால் போனது. ஜெகதாம்பாள் தூரத்திலிருந்து மகளை முறைத்தாள். அந்தக் கூடத்தில் இனி தன் இருப்பு முன்னைப் போல இருக்காது என்பது கீதாஞ்சலிக்குப் புரிந்தது. அப்பளம் நன்றாகப் பொரிந்திருந்தது; இன்னொன்று கேட்டு வாங்கினாள்.

பக்கத்தில் கலைவாணன் இலையைப் பார்த்துக் குனிந்திருந்தான். தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று திரும்பினாள். இல்லை.

"நீங்க என்னத்துக்குச் சிரிக்கிறீங்க?" என்றாள். "அப்பா சொன்னது நெசந்தான். காது ரெண்டும் ஆட்டுக்காது மாரி தொங்குது. கேவலமா இருக்கு. வூட்டுக்குப் போனதும் கண்ணாடியக் கழட்டுங்க, காதச் சரி பண்ணுங்க."

"நான்தான் இனிமே வரையலன்னு..."

"சாம்பார் ஆறுது, சாப்பிடுங்க" என்றாள் கீதாஞ்சலி.